பால் குடித்ததும் கக்கிய 19 நாள் குழந்தை: ஒரு நிகழ்வு ஆய்வு

தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றில் வளர்ந்த ஒரு பெண் குழந்தையின் முதல் 42 நாட்களின் பதிவு இது. "காத்து அடைச்சிருக்கு, ஏப்பமே வர மாட்டேங்குது" என்றுதான் குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கி வந்தார்கள். ஏப்பம் எடுத்த முறையிலும் தவறு இருந்தது. ஆனால் அந்தக் காற்று எந்த வழியாக உள்ளே போனது என்பதை 19-ஆம் நாள் வரை ஒருவரும் பார்க்கவில்லை. குடும்பத்தை அடையாளம் காட்டும் விவரங்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

பின்னணி

தாய்க்கு 22 வயது, முதல் பிரசவம். 39-ஆம் வாரத்தில் அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம். குழந்தை பிறந்ததும் அழுதது, எடை 2.850 கிலோ. பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைடிஸ்-பி ஊசி மூன்றும் போடப்பட்டன. 3-ஆம் நாள் 2.670 கிலோ எடையுடன் 102 வண்டியில் தாய்வீடு வந்தார்கள்.

கணவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஞாயிறு மட்டும் வருவார். குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் அம்மாச்சி. நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். தெருவில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் குளிப்பாட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் பின்னால் வரும்.

7 முதல் 18-ஆம் நாள் வரை

மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. 7-ஆம் நாள் கிராம சுகாதார செவிலியர் வந்தபோது எடை 2.650 கிலோ. பிறந்த எடையில் 200 கிராம் குறைவு, அதாவது 7 சதவீதம். முதல் சில நாட்களில் 10 சதவீதம் வரை குறைவது இயல்புதான் என்பதால் "நார்மல்" என்று பதிவானது. எண் நார்மல்தான், நாள்தான் நார்மல் இல்லை. 4, 5-ஆம் நாளிலேயே எடை திரும்ப ஏறத் தொடங்கியிருக்க வேண்டும். இந்தக் குழந்தைக்கு 3-ஆம் நாளைவிட 7-ஆம் நாளில் இன்னும் 20 கிராம் குறைந்திருந்தது.

8-ஆம் நாளிலிருந்து ஒவ்வொரு பாலுக்கும் பின் எதுக்களிப்பு. சில சமயம் மூக்கு வழியாகவும் வந்தது. சாயங்காலம் 6 மணிக்கு அழ ஆரம்பித்தால் ஓய 9, 10 மணி ஆகும். "கக்குற பிள்ளை தக்கும்" என்று அம்மாச்சி முதலில் பெரிதுபடுத்தவில்லை. அழுகை நீடித்ததும் வைத்தியம் தொடங்கியது. காலையும் மாலையும் மூடி அளவில் கிரைப் வாட்டர், இடையிடையே சீனித்தண்ணீர், ஒருநாள் விட்டு ஒருநாள் சுட்ட வசம்பை உரசிய உரை மருந்து. 15-ஆம் நாள் "உரம் விழுந்திருக்கு" (சுளுக்கு விழுந்திருக்கிறது) என்று பக்கத்து ஊருக்குக் கொண்டுபோய், சேலையில் போட்டு உருட்டி உரம் எடுத்தார்கள். அன்றிரவு குழந்தை அசந்து தூங்கியது. அடுத்த நாள் மறுபடி அழுகை.

14-ஆம் நாள் எடை 2.800 கிலோ. பிறந்த எடையைக் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டது என்று எல்லோருக்கும் நிம்மதி. ஸ்வெட்டர், குல்லா, காலுறை, சுற்றிய துணி எல்லாவற்றோடும் சேர்த்து நிறுத்த எடை அது. அந்தத் துணிகளைப் பிறகு தனியாக நிறுத்துப் பார்த்தபோது 90 கிராம் இருந்தன. உண்மையான எடை 2.710 கிலோதான், ஒரு வாரத்தில் ஏறியது 60 கிராம். நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டிய வயது அது.

16-ஆம் நாள் "தாய்ப்பால் பத்தலை" என்ற முடிவோடு பால் புட்டி வந்தது. பால் பவுடர் டப்பாவில் ஒரு கரண்டிக்கு 30 மி.லி. தண்ணீர் என்று போட்டிருந்தது. கெட்டியாக இருந்தால் செரிக்காது என்று 60 மி.லி.யில் கரைத்தார்கள். அதாவது பாதிப் பால், பாதித் தண்ணீர். குழந்தை சிரமப்பட்டு உறிஞ்சுவதைப் பார்த்து, ரப்பர் காம்பின் துளையைச் சூடாக்கிய ஊசியால் பெரிதாக்கினார்கள். பால் கொட்டியது, குழந்தை மடக்கு மடக்கென்று காற்றையும் சேர்த்து விழுங்கியது, எதுக்களிப்பு கூடியது.

19-ஆம் நாள்: முதலில் விலக்கியவை

அன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் துணியில்லாமல் நிறுத்தபோது 2.760 கிலோ. அட்டையிலிருந்த 2.800-ஐப் பார்த்த வீட்டார், எடை இறங்கிவிட்டது என்று பதறினார்கள். துணிக் கணக்கு தெரிந்த பிறகே பதற்றம் தணிந்தது. ஆனாலும் பிறந்த எடைக்கு இன்னும் 90 கிராம் பாக்கி. பொதுவாக 10 முதல் 14 நாளுக்குள் அதை எட்டியிருக்க வேண்டும்.

பால் கக்கும் குழந்தையின் ஏப்பத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் சிலவற்றை இல்லையென்று உறுதி செய்ய வேண்டும். கக்கியதில் பச்சை நிறம் உண்டா என்பது முதல் கேள்வி. பிறந்த குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால் குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். வீட்டில் காத்திருக்க நேரம் கிடையாது. இந்தக் குழந்தை கக்கியது வெள்ளைப் பாலும் தயிர்த் திப்பியும்தான். மூச்சை முழுசாக ஒரு நிமிடம் எண்ணியதில் 46. 60-ம் அதற்கு மேலும் ஆபத்து. நெஞ்சுக்கூடு உள்வாங்கவில்லை. அக்குள் வெப்பம் 36.8 டிகிரி செல்சியஸ். வயிறு மெத்தென்று இருந்தது. உச்சிக்குழி புடைக்கவில்லை. தொப்புள் காய்ந்து சுத்தமாக இருந்தது. கை கால்களை நன்றாக அசைத்தது, பாலைத் தேடியது.

மிஞ்சியது ஒரு சந்தேகம். 2 முதல் 8 வாரத்துக்குள், இரைப்பை முடியும் இடத்திலுள்ள தசை தடித்து வழியை அடைத்துக்கொள்ளும் நோய் தலைகாட்டும். அதில் பால் வழியாது. பீறிட்டு ஒரு முழத்துக்கு அப்பால் போய் விழும், அடுத்த நிமிடமே குழந்தை பசியால் மறுபடி பால் கேட்கும். இங்கே கடைவாயில் வழிவதுதான் இருந்தது. ஆனால் அந்த வயதின் வாசலில் நிற்கும் குழந்தை என்பதால் மருத்துவர் அதை முழுதாக விலக்கவில்லை. சரியாகப் பால் கொடுத்து 48 மணி நேரம் பார்ப்பது, எடை ஏறாவிட்டாலோ பால் பீறிட்டாலோ மாவட்ட மருத்துவமனைக்கு ஸ்கேனுக்கும் சிறுநீர்ப் பரிசோதனைக்கும் அனுப்புவது என்று முடிவானது. அன்றே அனுப்பியிருக்கலாமே என்று கேட்கலாம். குழந்தை சுறுசுறுப்பாக இருந்தது, வீடு நிலையத்திலிருந்து நடக்கிற தூரம், மறுநாள் செவிலியர் போய்ப் பார்க்க முடியும். இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அன்றே அனுப்பியிருக்க வேண்டும்.

பால் கொடுப்பதை முழுசாகப் பார்த்தது

அடுத்து செய்ததுதான் திருப்பம். "எப்பவும் வீட்ல எப்படிக் குடுப்பீங்களோ அப்படியே குடும்மா, நாங்க நடுவுல பேச மாட்டோம்" என்று சொல்லி, தொடக்கம் முதல் முடிவு வரை செவிலியர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். மொத்தம் 24 நிமிடம்.

குழந்தை மல்லாந்து மடியில் கிடந்தது. தலையை மட்டும் மார்பை நோக்கித் திருப்பியிருந்தது. நாம் தலையைத் தோள்பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துப் பார்த்தால் அதன் சிரமம் புரியும். தாய் முதுகை வளைத்துக் குனிந்து, இரண்டு விரல்களால் கத்தரிபோல் மார்பைக் கவ்விப் பிடித்துக் காம்பை மட்டும் வாயில் திணித்தார். குழந்தையின் கீழுதடு உள்ளே மடிந்திருந்தது. ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் கன்னம் குழிந்தது, நாக்கு பிடி நழுவி 'டக் டக்' என்று சத்தம் வந்தது. அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் பாலோடு காற்றும் உள்ளே போகிறது. விழுங்கும் சத்தம் எப்போதாவது ஒருமுறைதான் கேட்டது.

4-ஆம் நிமிடத்தில் குழந்தை விட்டுவிட்டு நெளிந்தது. தாய் உடனே அடுத்த மார்புக்கு மாற்றினார். அங்கே 3 நிமிடம். மறுபடி நெளிவு, அழுகை. விடுபட்ட காம்பு ஒரு பக்கமாகச் சீவியதுபோல் தட்டையாக இருந்தது, அடியில் வெடிப்பு. வலிக்கிறதா என்று கேட்டதற்கு, "எல்லாருக்கும் வலிக்கும்தான சிஸ்டர்" என்றார்.

மார்பில் முதலில் சுரப்பது தண்ணீர்போன்ற பால்; போகப்போகக் கொழுப்பு கூடும். இரண்டு பக்கமும் சில நிமிடத்தில் மாற்றி மாற்றிக் கொடுத்தால், சர்க்கரை மிகுந்த முன்பாலே வயிற்றை நிரப்பும். நுரைத்த பச்சை மலம், வாயு, சீக்கிரமே மறுபடி பசி எல்லாம் அதனால் வரலாம். இந்தக் குழந்தையின் மலமும் அப்படித்தான் இருந்தது. துணி நனைந்தது 24 மணி நேரத்தில் 5 முறை. குறைந்தது 6 இருக்க வேண்டும்.

பிறகு ஏப்பம். அம்மாச்சி குழந்தையை வாங்கித் தோளில் போட்டு, விரல்களை நீட்டி வைத்துப் பட்டுப்பட்டென்று பிடரிக்குக் கீழே தட்டினார். குழந்தையின் வயிறு தோளில் அழுந்தவில்லை. நெஞ்சு மட்டும் பட்டுக் கால்கள் தொங்கின. இரண்டு நிமிடத்தில் ஏப்பம் வரவில்லை என்று வேகத்தைக் கூட்டினார். பால் வந்தது. "பாத்தீங்களா" என்றார். வீட்டில் இதற்கு அடுத்த வேலை தூளியில் போடுவது. தூளியில் குழந்தை வளைந்து, முழங்கால் வயிற்றில் முட்டும். நிறைந்த வயிறு நசுங்கும்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதலில் திருத்தியது வாய்ப்பிடி, அதாவது குழந்தை மார்பைக் கவ்வும் விதம். குழந்தையின் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் வர, வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி பக்கவாட்டில் திருப்பி வைக்கப்பட்டது. தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். குழந்தை மார்புக்கு வர வேண்டுமே தவிர மார்பு குழந்தையிடம் போகக் கூடாது. காம்பால் மேலுதட்டைத் தடவி, வாய் கொட்டாவிபோல் விரியும்வரை காத்திருந்து, மோவாய் முதலில் மார்பில் புதையும்படி சட்டென்று அணைத்தார்கள். மூன்றாவது முயற்சியில் சரியாகப் பிடித்தது. சரியான பிடிக்கு அடையாளம்: கீழுதடு வெளியே மலர்ந்திருக்கும், காம்பைச் சுற்றிய கருவளையம் கீழே மறைந்து மேலேதான் அதிகம் தெரியும், கன்னம் உப்பியிருக்கும், 'டக்' சத்தம் நின்று விழுங்கும் சத்தம் கேட்கும். தாயின் முகத்தில் வலி மறைந்ததை அம்மாச்சியே முதலில் கவனித்தார்.

ஒரு பக்கம் குழந்தை தானாக விடும்வரை கொடுக்க வேண்டும், பிறகு ஏப்பம், அதன்பின் அடுத்த பக்கம் காட்டிப் பார்க்கலாம். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை. எடை ஏறும்வரை இரவில் 3 மணி நேரத்துக்கு மேல் தூங்கவிடாமல் எழுப்பிக் கொடுக்க வேண்டும்.

ஏப்பத்தைப் பற்றி ஒரு விஷயம். ஏப்பம் எடுத்தே ஆக வேண்டும் என்பதற்கு நாம் நினைக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை. சண்டிகரில் 71 தாய்-சேய் இணைகளை வைத்து நடத்தி 2015-இல் வெளியான ஆய்வில், ஏப்பம் எடுத்த குழந்தைகளுக்கு வயிற்றுவலி அழுகை குறிப்பிடும்படி குறையவில்லை, எதுக்களிப்பு கூடியிருந்தது. ஆனால் காற்றை விழுங்கும் பிடியோடு 19 நாள் ஓடிய குழந்தைக்கு, பிடி திருந்தும்வரையாவது ஏப்பம் உதவும் என்று கருதினோம். அம்மாச்சியிடம் "தட்டவே வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் அதற்குப் பிறகு நாம் சொன்ன எதையும் அவர் கேட்டிருக்க மாட்டார் என்பதும் ஒரு காரணம்.

உணவுக்குழாய் இரைப்பைக்குள் சேரும் இடம் முதுகுப் பக்கம் இருக்கிறது. குழந்தை மல்லாந்து கிடந்தால் அந்த வாயைப் பால் மூடிக்கொள்ளும். காற்று முன்பக்கம் சிக்கி நிற்கும். நிமிர்த்தினால் காற்று மேலேறி வாயருகே வந்துவிடும். வேலையைச் செய்வது நிமிர்ந்த நிலைதான், தட்டுவது ஒத்தாசைக்கு. ஓங்கித் தட்டினால் காற்றோடு பாலும் வரும்.

தோளில் போடும்போது குழந்தையை இன்னும் மேலே ஏற்றி, அதன் மேல்வயிறு தோளில் லேசாக அழுந்தும்படி வைக்கச் சொன்னோம். ஒரு கை பிட்டத்தைத் தாங்க, மறு கையைத் தண்ணீர் ஏந்துவதுபோல் குழித்து, இரு தோள்பட்டைக்கு நடுவே இடப்பக்கமாகத் தட்ட வேண்டும், அல்லது கீழிருந்து மேலாகத் தடவ வேண்டும். குழந்தையின் மூக்கும் வாயும் துணியில் புதையக் கூடாது. மடியில் உட்கார வைப்பதென்றால் உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, விரல்களால் தாடை எலும்பைத் தாங்கிச் சற்றே முன்சாய்க்க வேண்டும். தொண்டையில் விரல் படக் கூடாது. கால் நீட்டி உட்கார்ந்து குளிப்பாட்டிப் பழகிய அம்மாச்சிக்கு எளிதாக வந்தது மூன்றாவது முறை. மடியில் குப்புறக் கிடத்தி, தலை நெஞ்சைவிடச் சற்று உயரமாக இருக்கும்படி வைத்து முதுகைத் தடவினார். 5 நிமிடம் பார்த்தும் ஏப்பம் வராவிட்டால் விட்டுவிட வேண்டும். வராத ஏப்பத்துக்காகத் தூங்கிய பிள்ளையை எழுப்ப வேண்டியதில்லை.

பால் குடித்தபின் 20 முதல் 30 நிமிடம் தோளில் நிமிர்த்தி வைத்திருந்து, பிறகு சமமான, அழுத்தமான படுக்கையில் மல்லாக்கப் போட வேண்டும். "மல்லாக்கப் போட்டா கக்கினது மூச்சுக்குழல்ல போயிரும்ல?" என்று கேட்டார் அம்மாச்சி. நியாயமான கேள்வி. மல்லாந்த நிலையில் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். மேலேறும் பால் திரும்பக் கீழேதான் இறங்கும். குப்புறப் படுத்தால் நிலைமை தலைகீழ்.

நிறுத்தியவற்றில் சீனித்தண்ணீரையும் கிரைப் வாட்டரையும் கணக்குப் போட்டே காட்டினோம். கிலோவுக்கு 150 மி.லி. வீதம் இந்தக் குழந்தைக்கு நாளுக்கு ஏறத்தாழ 410 மி.லி. பால் வேண்டும். இவை இரண்டும் சேர்ந்து 60 மி.லி.; ஏழில் ஒரு பங்கு வயிறு, இனிப்புத் தண்ணீருக்குப் போயிருக்கிறது. உரை மருந்து எவ்வளவு உள்ளே போகிறது என்று யாராலும் அளக்க முடியாது, உரசும் கல்லும் சுத்தமில்லை என்பதால் வாய்க்குள் வேண்டாம் என்றோம். வசம்பு வளையலைக் கையில் கட்டிக்கொள்ளட்டும், அதில் சண்டையில்லை. வாய்க்கு எட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

புட்டிக்குப் பதில் பாலாடை (மூக்கு வைத்த சிறு கிண்ணம்). பகலில் மூன்று வேளை, பால் கொடுத்தபின் கையால் பீய்ச்சிய தாய்ப்பால் 20 முதல் 30 மி.லி. குழந்தையைப் பாதி நிமிர்த்தி, பாலாடை நுனியைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்து, குழந்தை நக்கி இழுக்கும் வேகத்துக்குச் சாய்க்க வேண்டும். ஊற்றக் கூடாது. பத்தியம் என்று தாய்க்குத் தண்ணீரை அளந்து கொடுத்ததும் அன்றோடு நின்றது.

பின்தொடர்ந்தவை

20-ஆம் நாள் செவிலியர் போனபோது எதுக்களிப்பில் மாற்றமில்லை. ஆனால் துணி 7 முறை நனைந்திருந்தது. 21-ஆம் நாள் எடை 2.820 கிலோ. இரண்டே நாளில் 60 கிராம். பால் பீறிடவும் இல்லை. மாவட்ட மருத்துவமனை தேவைப்படவில்லை.

24-ஆம் நாள் ஒரு சறுக்கல். தாயின் வலது மார்பு கல்லாகக் கட்டி, கை வைக்க முடியாத வலி. விசாரித்தபோது, "ஒரு பக்கம் முழுசாக் குடுங்கன்னு சொன்னீங்களே" என்றார். ஒவ்வொரு முறையும் வெடிப்பில்லாத இடது பக்கத்திலேயே தொடங்கியிருக்கிறார். குழந்தை அதிலேயே நிறைந்து தூங்கிவிட, வலது பக்கம் சுரந்த பால் தேங்கியிருக்கிறது. தவறு எங்கள் அறிவுரையில். அடுத்த முறை மறு பக்கத்தில் தொடங்க வேண்டும் என்ற பாதி வாக்கியம் சொல்லப்படவே இல்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக் கொஞ்சம் பீய்ச்சி மார்பை இளக்கியபின், குழந்தையை அந்தப் பக்கமே அடிக்கடி போட்டதில் ஒன்றரை நாளில் சரியானது. காய்ச்சல் வரவில்லை. எந்தப் பக்கம் என்று மறக்காமலிருக்க, தாய் ஒரு வளையலைக் கைக்குக் கை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

28-ஆம் நாள் 3.030 கிலோ. நாளுக்குச் சராசரி 30 கிராம். அதற்குள் பீய்ச்சிக் கொடுப்பதும் நின்றிருந்தது. எதுக்களிப்பு ஒவ்வொரு பாலுக்கும் என்பதிலிருந்து நாளுக்கு மூன்று நான்கு முறையாகக் குறைந்தது. முற்றிலும் நிற்கவில்லை, நிற்க வேண்டியதும் இல்லை. உணவுக்குழாயின் அடியிலுள்ள சுருக்குத்தசை முதிராத வயதில் இது வரும். 4-ஆம் மாதம்வரை கூடவும் செய்யலாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் ஓய்ந்துவிடும்.

சாயங்கால அழுகையும் நிற்கவில்லை. மூன்று நாலு மணி நேரமாக இருந்தது ஒன்றரை மணி நேரமானது, அவ்வளவுதான். 6 வாரத்தில் அழுகை உச்சத்துக்குப் போய்ப் பிறகு குறைவது ஆரோக்கியமான குழந்தைகளுக்கும் உள்ள வழக்கம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால், வீட்டார் மறுபடி உரம் எடுக்கப் போகவில்லை. 42-ஆம் நாள் எடை 3.470 கிலோ, 6 வாரத் தடுப்பூசிகள் போடப்பட்டன.

மாற்ற வேண்டியவை

7-ஆம் நாள் எடை, வீடு வந்த அன்றிருந்த எடையைவிடக் குறைவாக இருந்தால் சதவீதக் கணக்கோடு நிறுத்தக் கூடாது. அன்றே ஒருமுறை பால் கொடுப்பதை முழுசாகப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்காததால் இந்தக் குழந்தைக்கு 12 நாட்கள் வீணாகப் போயின. அதற்கும் முன்பே, மருத்துவமனையிலிருந்து அனுப்பும் காலையில் வாய்ப்பிடியைப் பார்த்திருக்கலாம். முதல் ஒரு மணி நேரத்தில் பால் கொடுத்தாயிற்று என்ற குறிப்பு, குழந்தை எப்படிக் குடித்தது என்பதைச் சொல்லாது.

"நல்லா பால் குடிக்குதா?" என்று கேட்டால் எந்த வீட்டிலும் "குடிக்குது" என்றுதான் பதில் வரும். நேற்று காலையிலிருந்து இன்று காலைவரை எத்தனை துணி நனைந்தது, ராத்திரி எத்தனை முறை எழுந்தது, காம்பு வலிக்கிறதா என்று கேட்டால்தான் விஷயம் வெளிவரும்.

கர்ப்பகால வகுப்புக்கு அம்மாச்சியையும் அழைத்திருக்க வேண்டும். இந்த வீட்டில் கைப்பழக்கத்தை மாற்றிக்கொண்டவர் தாய் மட்டுமல்ல. குப்புற மடியில் போட்டு ஏப்பம் எடுக்கும் முறையைத் தெருவில் இரண்டு வீட்டுக்கு அம்மாச்சிதான் சொல்லிக் கொடுத்திருக்கிறார். சேனை (பிறந்ததும் குழந்தையின் நாக்கில் வைக்கும் இனிப்பு), உரை மருந்து பற்றி அவரிடம் பேசுவதற்குச் சரியான நேரம் ஏழாம் மாதமே தவிர, குழந்தை அழுகிற சாயங்காலம் அல்ல.

எடை அட்டையில், துணியோடு நிறுத்ததா இல்லாமல் நிறுத்ததா என்று குறிக்க இடம் இல்லை. குளிர்நாளில் துணியைக் கழற்ற வீட்டார் ஒப்புக்கொள்ளாவிட்டால், அதே துணிகளைத் தனியாக நிறுத்துக் கழித்துக்கொள்ளலாம். அதுவும் முடியாத வீடுகளில் அந்தச் செவிலியர் இப்போது எண்ணுக்குப் பக்கத்தில் பேனாவால் 'து' என்று எழுதிவிட்டு வருகிறார்.